ஒரே கொழுந்து, எத்தனை தேத்தண்ணி

யாழ்ப்பாணத்துச் சுப்பர்மார்க்கெற்றுகளில் இப்போது கிறீன் ரீக்கென்று தனித் தட்டே இருக்கிறது. எலுமிச்சை போட்டது, இஞ்சி போட்டது, மல்லிகை வாசம் ஏற்றினது. உடம்பு மெலிய வாங்கிற ஆக்கள், சீனி வருத்தத்துக்கு வாங்கிற ஆக்கள், போனில் மாச்சா வீடியோ பார்த்துவிட்டு வாங்கிற ஆக்கள் என்று வாங்குபவர்களிலும் பல ரகம். (மாச்சா என்ற பேரைச் சொன்னதும் "என்ன மச்சான்?" என்று திரும்பிப் பார்க்காத ஒருத்தரும் எங்கள் வட்டத்தில் இல்லை.) கிறீன் ரீ உடம்புக்கு என்ன செய்யும் என்று எழுத நாங்கள் வரவில்லை. அதுக்கு வைத்தியர்கள் இருக்கினம், வைத்தியர்களைவிடக் கூடுதலாக யூரியூப்காரர் இருக்கினம். எங்களுக்கு வேறொரு கேள்வி. யப்பான்காரர் ஒரே பச்சைத் தேயிலையை ஏழெட்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? எங்கட ஊரிலும் தேத்தண்ணியில் வகை இருந்தது. நாங்கள் எதை வைத்துப் பிரித்தோம்?

முதல் கேள்விக்கு விடை சொல்லுறது லேசு.

கறுப்புத் தேயிலைக்கு ஒரு செடி, பச்சைத் தேயிலைக்கு வேறு செடி என்று கனபேர் நினைக்கினம். இரண்டும் கமேலியா சினென்சிஸ் என்ற ஒரே இனச் செடிதான். யப்பானில் சின்ன இலை வகை, மலையகத்தில் பெரும்பாலும் அசாம் வழி வந்த பெரிய இலை வகை. கொழுந்தைப் பறித்துக் கசக்கினால் அதற்குள் இருக்கிற நொதியங்கள் காற்றோடு சேர்ந்து வேலை செய்யத் தொடங்கும், அப்பிளை வெட்டி வைத்தால் கறுக்கிற மாதிரி. மலையகத் தொழிற்சாலைகளில் கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட விட்டு, அந்தக் கறுப்பை வேணுமென்றே வரப்பண்ணிப் பிறகு சூட்டில் காயவைக்கிறார்கள். யப்பானிலோ பறித்த கையோடு நீராவியில் அவித்து நொதியத்தின் வேலையை நிறுத்திவிடுகிறார்கள். புட்டு அவிக்கிற அதே நீராவி வேலைதான், ஆனால் அரை நிமிசம், ஒரு நிமிசம், மிஞ்சினால் இரண்டு நிமிசம். சீனாவில் இதையே பெரும்பாலும் தாச்சியில் வறுத்துச் செய்வார்கள். அதனால்தான் சீனத்துப் பச்சைத் தேயிலையில் வறுத்த வாசமும், யப்பான் தேயிலையில் கீரை அவித்த மாதிரி, கடற்பாசி மாதிரி ஒரு பச்சை வாசமும் நிற்கிறது.

வெயிலில் வளர்ந்த கொழுந்தை அவித்து, உருட்டி உருட்டி ஊசி போலாக்கிக் காயவைத்தால் அது செஞ்சா. யப்பானில் அதிகம் குடிக்கிறது இதுதான். 1738இல் ஊஜிப் பக்கத்து விவசாயி நகத்தானி சோஎன் இந்த முறையைச் செம்மைப்படுத்தினார். அதற்கு முன் சாதாரண சனத்தின் தேத்தண்ணி பச்சையாகவே இருக்கவில்லை, பழுப்பாகத்தான் இருந்தது. பறிக்க முன்னம் மூன்று கிழமை அளவுக்குப் பந்தல் போட்டு வெயிலை மறைத்து வளர்த்தால் கியொக்குரோ. இது 1830களில் வந்தது. நிழல் ஏன் முக்கியம் என்பதற்கு 1949இல் ஒரு விளக்கம் கிடைத்தது. கியொக்குரோ இலையிலிருந்து தியானின் என்ற அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். இலையின் இனிப்பான, சாறு போன்ற சுவைக்கு அது காரணம். வெயில் பட்டால் அது கற்றெக்கின் ஆக மாறிக் கயர்ப்பைக் கொடுக்கும். நிழல் அந்த மாற்றத்தைத் தடுக்கிறது.

மாச்சாவும் நிழற்பிள்ளைதான். ஆனால் உருட்டுவதில்லை. அவித்துக் காயவைத்து, காம்பையும் நரம்பையும் நீக்கி, கல் திரிகையில் மாவாக்குவார்கள். ஒரு திரிகை மணித்தியாலத்துக்கு 40 கிராம் அளவுதான் அரைக்கும். வேகமாகச் சுற்றினால் கல் சூடாகி வாசம் போய்விடும். குரக்கன் திரித்த அம்மம்மாமாருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. செஞ்சாவில் இலையை ஊறவைத்துச் சாறைக் குடிக்கிறோம். மாச்சாவில் இலையையே குடிக்கிறோம். அதனால்தான் விலையும் அப்படி.

மிச்ச வகைகள் ஏழை வீட்டு வகைகள். முற்றின, பிந்தின இலையில் செய்வது பஞ்சா. அதையோ காம்பையோ வறுத்தால் ஹோஜிச்சா. வறுத்த அரிசி கலந்தால் கென்மைச்சா. தேயிலையை மிச்சம் பிடிக்க அரிசி கலந்ததாகச் சொல்லுவினம், இப்போது அதுக்கென்றே ரசிகர் கூட்டம். இந்த மூன்றுக்கும் கொதிதண்ணியே ஊற்றலாம். செஞ்சாவுக்கு 70 - 80 பாகை, கியொக்குரோவுக்கு 50 - 60 பாகை போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கயர்த்துப்போகும். சுப்பர்மார்க்கெற் கிறீன் ரீ வேப்பிலைக் குடிநீர் மாதிரி இருக்கிறதென்று குறைசொல்லுகிறவர்கள் முதலில் கேத்திலை இறக்கி ஆறவைத்துப் பார்க்கலாம்.

வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் தந்த செஞ்சாவையும் ஹோஜிச்சாவையும் நாங்கள் சுன்னாகப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணியில் ஊற்றிப் பார்த்தோம். போத்தல் தண்ணியில் இளம்பச்சையாக நின்ற செஞ்சா, கிணற்றுத் தண்ணியில் மங்கிப்போய் மஞ்சட்பழுப்பாகியது. வாசமும் அடங்கிவிட்டது. குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கின மழைத்தண்ணியைத்தான் கிணற்றால் அள்ளுகிறோம். கல்சியம் கூடின கடின நீர். எங்கட வெறுந்தேத்தண்ணி ஆறினால் மேலே மினுமினு என்று ஒரு ஆடை படியுமே, அதுக்கும் இதுதான் காரணம். யப்பான் தண்ணி பெரும்பாலும் மென்னீர், அந்தத் தேயிலை அந்தத் தண்ணிக்கென்றே பழக்கப்பட்டது. ஹோஜிச்சா மட்டும் எங்கட தண்ணியிலும் தாக்குப்பிடித்தது. பனங்கட்டியோடு கடித்துக் குடிக்க அருமை என்று எங்களில் ஒருத்தர் தீர்ப்புச் சொன்னார். யப்பான்காரர் கேட்டால் என்ன நினைப்பாரோ தெரியாது.

சரி, யப்பானில் வகை பிரித்தது இலையும் நிழலும் சூடும் மட்டும்தானா? அப்படிச் சொன்னால் பாதிக் கதைதான். 1191இல் சீனாவிலிருந்து திரும்பிய எய்சாய் என்ற பௌத்த துறவி தேயிலை விதையையும் தூள்த் தேயிலை குடிக்கும் முறையையும் கொண்டுவந்தார். முதலில் மடங்கள், பிறகு பிரபுக்கள், போர்வீரர்கள். தொக்குகாவா ஆட்சியில் ஊஜியின் முதல் தேயிலை ஒவ்வொரு வருசமும் சாடிகளில் அடைக்கப்பட்டு ஊர்வலமாக ஏதோவுக்குப் (இன்றைய தோக்கியோ) போகும். தேயிலைச் சாடி போகிற வழியில் சனம் வீதியோரம் பணிந்து நிற்கவேணும். எங்கட கோயில் சாமி வெளிவீதி வருகிற மாதிரி, அங்கே ஒரு சாடி. அப்படிப்பட்ட நாட்டில்தான் 16ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்கியூ தேநீர்ச் சடங்குக்கு ஒரு சின்னக் குடிசை வடிவம் கொடுத்தார். வாசல் அவ்வளவு சின்னது. சாமுராயும் வாளை வெளியே வைத்துவிட்டுத் தவழ்ந்துதான் உள்ளே போகலாம். கொய்ச்சா என்ற தடித்த மாச்சாவைப் பரிமாறும்போது விருந்தாளிகள் எல்லாரும் ஒரே கிண்ணத்தில், ஒருவர் வாய்வைத்த பிறகு அடுத்தவர் என்று குடிப்பார்கள். ஒரே கிண்ணம். இதை ஞாபகம் வைத்திருங்கோ, யாழ்ப்பாணத்துக்கு வரும்போது தேவைப்படும். அதுக்காக யப்பானைச் சமத்துவபுரமாகக் கற்பனை பண்ணவும் வேண்டாம். தோல் வேலை, பிணவேலை செய்தவர்களை ஒதுக்கிவைத்த சாதிமுறை அங்கேயும் இருந்தது. 1871இல் சட்டப்படி ஒழித்தார்கள். 1922இல் கியோத்தோவில் அந்த மக்களே சுயிஹெய்ஷா என்ற அமைப்பைத் தொடங்கவேண்டியும் வந்தது. அந்தக் குடிசைக்குள் யார் அழைக்கப்பட்டார்கள் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

இனி எங்கட தீவு. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு வருசத்தில் கோப்பியை இலைத்துரு நோய் பிடித்தது, மலைகள் மெல்ல மெல்லத் தேயிலைக்கு மாறின. சந்தை வேணும். அப்போது அமெரிக்கா குடித்தது என்ன? யப்பானின் பச்சைத் தேயிலை! 1859இல் யொக்கோஹாமா துறைமுகம் திறந்த பிறகு யப்பான் தேயிலையின் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்காதான். சாமுராய் வேலையை இழந்தவர்கள் 1869இலிருந்து ஷிசுஓக்காவின் மகினொஹாரா மேட்டுநிலத்தை வெட்டித் தேயிலை போட்டதும் இந்தச் சந்தையை நம்பித்தான். அந்தச் சந்தையைப் பிடிக்க இலங்கைத் தோட்டத்துரைமார் 1893 சிக்காகோ கண்காட்சியில் தேநீர் மண்டபமே கட்டினார்கள். கறுப்புத் தேயிலை உடனே எடுபடாத இடங்களில் வேறு வழியும் பார்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டு முடிகிற காலத்தில் இலங்கையிலேயே பச்சைத் தேயிலை செய்பவர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்தார்கள். ஆக இன்றைக்குப் புதுசாக வந்ததென்று நாங்கள் நினைக்கிற இலங்கைக் கிறீன் ரீக்கு நூறு வருசத்துக்கு மேல் வயது. யப்பானோடு போட்டிபோடவே பிறந்தது. பிறகு விளம்பரமும் காலமும் சேர்ந்து அமெரிக்கரைக் கறுப்புக்கு மாற்றிவிட்டன, பச்சை இங்கே ஒரு மூலையில் ஒதுங்கிவிட்டது.

கொழுந்து பறித்தவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டிலிருந்து வந்து, மன்னார்க் கரையிறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியால் மலையக மக்கள் மறுபடி நடந்தார்கள், இருநூறு வருசத்தை நினைவுகூர. அந்தப் பாதை குடாநாட்டைத் தொடாமல் போனது. ஆனால் யாழ்ப்பாணத்தார் வேறு வழியால் மலைக்குப் போனார்கள். மிஷன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்தவர்கள் தோட்டத்துக் கிளாக்கர்மார், டிஸ்பென்சர்மார், ரீமேக்கர்மார் ஆனார்கள். துரைக்கும் லயத்துக்கும் நடுவில் எங்கட ஆக்கள். பிற்காலத்தில் லயத்துப் பிள்ளைகள் யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு வேலைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கொழுந்தும் அவர்களின் கையால், ஐயாவுக்குக் காலமைத் தேத்தண்ணியும் அவர்களின் கையால். "தோட்டக்காட்டான்" என்ற சொல்லை யாழ்ப்பாணம் எவ்வளவு லேசாகப் பாவித்தது என்பதையும் இந்த இடத்தில் எழுதாமல் போகமுடியாது.

தேயிலை எங்கட குசினிக்கு வந்தது பிந்தித்தான். பழஞ்சோற்றுத் தண்ணி, கூழ், காலத்துக்குக் கருப்பணி, மல்லி போட்ட கோப்பி என்றிருந்த ஊர் இது. 1905இல் காங்கேசன்துறை வரை ரெயில் வந்தது. 1930களில் உலகச் சந்தையில் விலை விழுந்தபோது, 1932இல், தேயிலைப் பிரசார சபை உருவானது. எங்களுக்கு வந்து சேர்ந்தது கப்பலேறின பெரிய இலை ரகங்கள் இல்லை. சாயம் இறங்குகிற பொடி ரகங்கள், டஸ்ட், பி.ஓ.பி.எவ். இவை. தரம் என்று பைக்கற்றில் போடுகிற இந்த எழுத்துகள் உண்மையில் சுவையின் அளவே இல்லை, சல்லடைக் கண்ணின் அளவு. "ஓரஞ்ச் பீக்கோ"வில் தோடம்பழமும் கிடையாது. நாட்டில் விளையும் தேயிலையில் மிகப் பெரும்பகுதி இன்றைக்கும் வெளிநாட்டுக்குத்தான் போகிறது.

ஆ. இரா. வேங்கடாசலபதி "அந்தக் காலத்தில் காப்பி இல்லை" நூலில், தமிழ்நாட்டில் காப்பி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும் தேநீர் உழைக்கிற ஆக்களின் பானமாகவும் ஆன கதையைச் சொல்லுகிறார். யாழ்ப்பாணத்தில் அந்தக் கோடு அப்படி விழவில்லை. இங்கே எல்லாரும் தேத்தண்ணிதான். வெறுந்தேத்தண்ணி, பால்தேத்தண்ணி, இஞ்சித் தேத்தண்ணி. பானம் ஒன்றானதால் கோடு வேறொரு இடத்தில் விழுந்தது. பாத்திரத்தில்.

மூக்குப்பேணியைப் பார்த்திருப்பீர்கள். பித்தளையில், பக்கத்தில் சின்ன மூக்கு வைத்த பேணி. அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக் குடிக்கலாம். இன்றைக்கு அது யாழ்ப்பாணத்தின் பாரம்பரியச் சின்னம், கலியாணப் பரிசு, ஹோட்டல் வரவேற்பறை அலங்காரம். வேலைப்பாடு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் உதடு படாமல் குடிக்கிற ஒரு பாத்திரத்தை ஏன் ஒரு சமூகம் இவ்வளவு விரும்பியது? அடுத்தவரின் எச்சில் பற்றிய பயம் சுகாதாரத்தோடு நிற்கவில்லை. பேணி கிடைத்தவர்கள் ஒரு வரிசை. பேணியே கிடைக்காதவர்கள் இன்னொரு வரிசை. தேத்தண்ணிக் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு வாங்கில் இல்லை, வெளியே நிற்கவேணும் அல்லது நிலத்தில் குந்தவேணும். அவர்களின் தேத்தண்ணி சிரட்டையில், தகரப்பேணியில், சோடாப் போத்தலில். கேத்தில் ஒன்று, சாயம் ஒன்று, சீனி ஒன்று, காசும் ஒன்று. தமிழ்நாட்டில் இரட்டைக் குவளை என்று சொல்லப்படுவதன் எங்கட ஊர் வடிவம் இது. "தேத்தண்ணி" என்ற சொல்லிலேயே தண்ணி இருக்கிறது, அந்தத் தண்ணியை அள்ளுகிற கிணற்றடியிலும் இதே சட்டம்தான் நடந்தது. கே. டானியல் தன்னுடைய நாவல் ஒன்றுக்குத் "தண்ணீர்" என்றே பேர் வைத்தார்.

இதைக் கேட்டால் "அது அந்தக் காலம், எல்லாருக்கும் பழகிப்போயிருந்தது" என்று சிலர் சொல்லுவினம். பழகிப்போகவில்லை. சிறுபான்மைத் தமிழர் மகாசபை 1940களிலிருந்தே இதைக் கேள்வி கேட்டது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம், அந்த வருசத்தின் 21ஆம் இலக்கச் சட்டம், சாதியைக் காரணம் காட்டிக் கடைக்குள் விடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் வந்தும் கனகடைகளில் போத்தலும் சிரட்டையும் அப்படியே கிடந்தன. 1966 ஒக்ரோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இடதுசாரிகள் ஊர்வலம் போனார்கள், பொலிஸ் அடித்தது. அடுத்த வருசம் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் பிறந்தது. கோயில் பிரவேசம் பற்றி, குறிப்பாக 1968 மாவிட்டபுரம் பற்றி, நிறைய எழுதப்பட்டிருக்கிறது. தேத்தண்ணிக் கடைப் பிரவேசம் பற்றிக் குறைவாகத்தான் பேசுகிறோம். கோயிலுக்கு ஒரு புனிதம் இருக்கிறது, போராட்டத்துக்கும் ஒரு பெருமிதம் ஒட்டிக்கொள்ளும். கடைக்குள் போய், வாங்கில் இருந்து, எல்லாருக்கும் கொடுக்கிற கிளாசில் ஒரு தேத்தண்ணி தரச்சொல்லிக் கேட்பதில் என்ன காவியம்? ஆனால் கோயிலுக்கு வருசத்தில் சில நாள்தான் போவோம். தேத்தண்ணி ஒரு நாளைக்கு மூன்று தரம். அவமானமும் மூன்று தரம். சங்கானையிலும் நிச்சாமத்திலும் அந்தக் காலத்தில் நடந்தவை சின்னச் சண்டைகள் இல்லை, உயிர்கள் போயின. சுபத்திரன் சங்கானைக்கு வணக்கம் சொல்லிக் கவிதை எழுதியது சும்மா இல்லை.

என். கே. ரகுநாதனின் "நிலவிலே பேசுவோம்" சிறுகதை 1951இல் வந்தது. மேடையில் முற்போக்குப் பேசும் ஒரு பெரியவர், வீட்டுக்குத் தேடிவந்த ஒடுக்கப்பட்ட சாதி இளைஞர்களை உள்ளே கூப்பிடாமல், நல்ல நிலவு என்று வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பேசுகிற கதை. படித்த யாழ்ப்பாணத்தின் தந்திரத்தை இவ்வளவு சுருக்கமாகப் பிடித்த கதை எங்களுக்குத் தெரிந்து வேறில்லை. கடையை விடவும் வீடு பிந்தித்தான் திறந்தது. கடையில் சட்டம் நுழையலாம், விறாந்தையில் நுழையாது. ரிக்கியூவின் குடிசை வாசல் எல்லாரையும் குனியவைத்தது. எங்கட விறாந்தையோ சிலரைப் படியோடு நிறுத்தியது.

1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்தது. சீனி தட்டுப்பாடு, பால்மா தட்டுப்பாடு. ஒரு பனங்கட்டித் துண்டையோ ஒரு ரொபியையோ கடைவாயில் அடக்கிக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்த தலைமுறை அது. 1995இல் சனம் முழுக்கத் தென்மராட்சிக்கு நடந்தபோது, ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே கிணற்றில், ஒரே கிடாரத்துத் தேத்தண்ணியில் எல்லாச் சாதியும் இருக்கவேண்டி வந்தது. அதோடு சாதி போய்விட்டது என்று சொல்லுவோரும் உண்டு. நாங்கள் நம்பவில்லை. இடம்பெயர்வில் கலந்த பேணிகளைத் திரும்பி வந்தபிறகு வீடுகள் மறுபடி பிரித்துவைத்தன. எங்களில் சிலருடைய வீடுகளிலேயே, வேலைக்கு வாற ஆக்களுக்கென்று ஒரு கோப்பை குசினி யன்னலில் தனியே கவிழ்ந்து கிடக்கிறது. இப்போது அது பித்தளையும் இல்லை, தகரமும் இல்லை. கைபிடி உடைந்த பீங்கான் கோப்பை.

அண்மையில் கைப்பணிக் கடையொன்றில் மினுக்கின சிரட்டைக் கோப்பைகள் அடுக்கியிருந்தார்கள். பிளாஸ்ரிக்குக்கு மாற்று, இயற்கையானது, மாச்சா குடிக்கத் தோதானது. நாங்களும் இரண்டு வாங்கினோம். எங்கள் வட்டத்தில் ஒருத்தரின் அம்மம்மாவுக்கு அதில் ஹோஜிச்சா ஊற்றிக் கொடுத்தோம். வாசம் நல்லாயிருக்கு என்றார். எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து ஒரு கண்ணாடிக் கிளாஸ் எடுத்துவந்து, தேத்தண்ணியை அதுக்குள் ஊற்றிக் குடித்தார்.